எட்டாம் சுற்று எல்லோர் திரைக்கும் ஒருமுறைதான்

சர்வரில் புதிதாக ஏறும் தகவல், பக்கத்தைத் திறந்து வைத்திருக்கும் எல்லாப் பிரவுசர்களுக்கும் போக வேண்டும். யாருக்கும் விடுபடக் கூடாது. யாருக்கும் இருமுறை போகவும் கூடாது. வாக்கு எண்ணிக்கை நாளில் இது நன்றாகப் புரியும். 2021 மே 2 அன்று கந்தர்வகோட்டை, விராலிமலை, புதுக்கோட்டை, திருமயம், ஆலங்குடி, அறந்தாங்கி என்று புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆறு தொகுதிகளிலும் சுற்றுச் சுற்றாக எண்ணினார்கள். இத்தகைய நாளில் ரீஃப்ரெஷ் அழுத்தும் ஒவ்வொரு முறையும், புதுச் சுற்று வந்ததோ இல்லையோ, பழைய பட்டியல் முழுவதும் மறுபடி இறங்கும்.

புதியதை மட்டும் அனுப்ப முனைபவர்கள் முதலில் செய்யும் தவறு, அனுப்பிய தகவலின் மேல் ‘அனுப்பியாயிற்று’ என்று குறித்துவிடுவது. அறந்தாங்கியில் முதலில் கேட்ட செல்போன் எட்டாம் சுற்றை வாங்கிக்கொள்ளும். அடுத்துக் கேட்கும் ஆலங்குடிக்காரருக்கு ஒன்றும் இருக்காது. கணக்கு பிரவுசரிடம் இருக்க வேண்டும். “என்னிடம் 7 வரை இருக்கிறது” என்று அது சொன்னால், சர்வர் 8 முதல் கொடுக்கும். யாருக்கு எது போனது என்று சர்வர் நினைவில் வைக்கத் தேவையே இல்லை.

எண்ணுக்குப் பதில் நேரத்தை வைத்துக் கேட்டால் வம்பு. ஒரே நொடியில் இரண்டு தொகுதி முடிவுகள் பதிவாகலாம், கடிகாரங்களும் ஒத்துப்போகாது. வரிசை எண்ணிலும் ஒரு கண்ணி உண்டு. 101, 102 இரண்டும் ஒரே சமயத்தில் எழுதப்பட்டு, 102 முதலில் பதிவாகி முடிந்தால், 102-ஐ வாங்கிய பிரவுசர் அதற்கு மேல்தான் கேட்கும். 101 அதற்கு வரவே வராது. பதிவு முடியும் வரிசையிலேயே எண் கொடுப்பது பாதுகாப்பு.

‘சர்வர்-சென்ட் ஈவென்ட்ஸ்’ முறையில் இணைப்பு திறந்தே இருக்கும். சிக்னல் போய்த் திரும்பினால், கடைசியாகக் கிடைத்த எண்ணைப் பிரவுசரே ‘லாஸ்ட்-ஈவென்ட்-ஐடி’ என்ற தலைப்பில் சொல்லிவிடும்; விடுபட்டதைத் தேடிக் கொடுப்பது சர்வரின் வேலை. 2011-இல் தரப்படுத்தப்பட்ட வெப்சாக்கெட் இருவழிப் பாதை. அங்கே இதையெல்லாம் நிரலாளரே எழுத வேண்டும். முடிவு சொல்வதற்கு ஒருவழியே போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதாவது ஒன்று இருமுறை வரலாம். “இந்தச் சுற்றில் 400 கூடுதல்” என்று அனுப்பினால் இருமுறை கூட்டிவிடும். “எட்டாம் சுற்று வரை மொத்தம் இவ்வளவு” என்று அனுப்பினால் பத்து முறை வந்தாலும் பழுதில்லை. ஏழாம் சுற்றில் திருத்தம் வந்தால் அதற்கும் புது வரிசை எண் வேண்டும். இல்லையென்றால் ஏழைக் கடந்தவர்களின் திரையில் பழைய கணக்கே நிற்கும்.