காய்ச்சல் தணிந்த பின் நெஞ்சு வலித்தால்

பதுளைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில், காய்ச்சல் தணிந்த மறுநாளே கூடையை மாட்டிக்கொண்டு மலையேறுவது புதிதன்று. பேர் விழாவிட்டால் சம்பளம் ஏது? ஆனால் டெங்கு, எலிக்காய்ச்சல் போன்றவை கண்ட சிலருக்கு இருதயத்தின் தசையே அழற்சியுற்று வீங்குவதுண்டு. 2017-ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 180,000-க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர் என்பதை எண்ணினால், இஃது எங்கோ தூர தேசத்து வியாதியன்று என்பது புலனாகும்.

நெஞ்சு வலி, மூச்சு முட்டல், படபடப்பு ஆகியவை மாரடைப்புக்கும் உரிய குறிகளே. எனவே முதலில் வைத்தியசாலைக்கு விரைய வேண்டும். அங்கே ஈ.சி.ஜி.யும், இரத்தத்தில் ட்ரோப்போனின் என்னும் புரதத்தின் அளவும் இருதயத்துக்குக் கேடு நேர்ந்ததைக் காட்டும், காரணத்தைக் காட்டா. இருதயத்தினின்று கடுகளவு தசையைக் கிள்ளியெடுத்துச் சோதிப்பது பழைய முறை. கடும் நோயில் இன்றும் அது தேவைப்படும். எனினும் அழற்சி திட்டுத்திட்டாகப் படர்வதால், கிள்ளிய இடம் நல்ல தசையாயின் நோய் கண்ணுக்குத் தப்பிவிடும்.

இங்கேதான் எம்.ஆர்.ஐ. கைகொடுக்கிறது. பலத்த காந்தத்தினுள் நம் உடலின் நீரிலுள்ள ஐதரசன் அணுக்கருக்கள் எழுப்பும் நுண்ணிய வானொலி அலைகளைக் கொண்டு படம் வரையும் கருவி அது. எக்ஸ்ரே கதிர் இதில் இல்லை. வீங்கிய தசையில் நீர் மிகுதி. ஆகவே அப்பகுதி வேறுபட்டுத் தோன்றும். பின்னர் கடோலினியம் கலந்த மருந்தை நரம்பில் ஏற்றிச் சுமார் பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால், சிதைந்த இடம் வெண்மையாக ஒளிரும். மாரடைப்பில் அவ்வெண்மை தசையின் உட்புறத்தே தொடங்கும். அழற்சியிலோ பெரும்பாலும் நடுவிலும் வெளிப்புறத்திலும் காணும். ஓர் இழையளவு வேறுபாடு, சிகிச்சையின் திசையையே மாற்றிவிடுகிறது! இப்படங்களைக் கணிக்கும் விதிகள் 2009-இல் வகுக்கப்பட்டு 2018-இல் திருத்தப்பட்டன. கனடாவின் லூயிஸ் ஏரியின் பெயரே அவற்றுக்கு வழங்குகிறது.

கருவிக்கும் எல்லை உண்டு. இரத்த அழுத்தம் வீழ்ந்து தத்தளிப்பவரை அதனுள் நெடுநேரம் கிடத்தல் இயலாது. சிறுநீரகம் பெரிதும் பழுதுற்றோருக்குக் கடோலினியத்தை ஆராய்ந்தே கொடுப்பர். சிறுநீரக நோய் மலிந்த கிராந்துருகோட்டை இதே பதுளை மாவட்டத்தில் இருப்பதை மறத்தலாகாது.

நோய் உறுதியானால் மூன்று முதல் ஆறு மாதம் வரை கடும் உடலுழைப்பைத் தவிர்க்கச் சொல்வர். இளைஞருக்குப் பந்தாட்டம் என்றால், கொழுந்து பறிப்போருக்குச் செங்குத்தான மலையும் ஈரக்கூடையும். வைத்தியர் தரும் சீட்டில் அதையும் விளங்க எழுதித் தரும்படி கேட்டு வாங்குவது நல்லது.