சேமிப்பும் காப்பும்

எங்கள் ஊர் உழவர்கள் அறுவடை முடிந்ததும் உணவுக்குரிய நெல்லைக் குதிரில் கொட்டி வைப்பார்கள். விதைக்குரிய நெல்லை அதனோடு கலக்கமாட்டார்கள். வைக்கோலால் இறுகச் சுற்றிக் கோட்டை கட்டித் தனியே வைப்பார்கள். குதிர் எவ்வளவு பெரிதாயினும் விதைநெல்லுக்கு அதில் இடமில்லை. சிறு வயதிலிருந்தே நான் கண்டு வந்த இவ்வழக்கத்தின் உட்பொருளைக் கணினிதான் எனக்குக் கற்பித்தது. அந்த அனுபவத்தை மாணவ நண்பர்களாகிய உங்களுக்குச் சொல்லவே இன்று முன்வந்திருக்கிறேன்.

வலைச் சேமிப்பகம் என்னும் சிறு பெட்டி ஒன்றைச் சிலர் வீட்டில் வைத்திருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். அதனுள் இரண்டோ நான்கோ வன்தட்டுகள் சுழன்றுகொண்டிருக்கும். வீட்டிலுள்ள கணினிகளும் கைப்பேசிகளும் படங்களையும் பாட்டுக்களையும் அதில் சேர்த்து வைக்கும். 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுக் கருவியில் இரண்டடி விட்டமுள்ள 50 தகடுகள் இருந்தன. அவையனைத்தும் சேர்ந்து 50 இலட்சம் எழுத்துக்களையே தாங்கின. இன்றோ ஒரு கையில் அடங்கும் தட்டு இரண்டு இலட்சம் கோடி பைட்டுகளைத் தாங்குகிறது. அதையே 2 டெராபைட் என்கிறோம்.

ஆயினும் சுழலும் பொருள் என்றேனும் ஒருநாள் நிற்கத்தானே வேண்டும்? 1988-ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும், மலிவான தட்டுகள் பலவற்றை ஒன்றுசேர்த்து நம்பத்தக்க சேமிப்பகமாக்கும் முறைகளை ஒரு கட்டுரையில் வகுத்துக் காட்டினார்கள். அம்முறைகளுக்கு 'ரெய்டு' என்று பெயர்.

அவற்றுள் ஒன்று கண்ணாடி முறை. முதல் தட்டில் எழுதுவதெல்லாம் அதே கணத்தில் இரண்டாம் தட்டிலும் எழுதப்படும். மற்றொன்று ஈட்டு முறை. முதல் தட்டில் 7 என்றும் இரண்டாவதில் 5 என்றும் எழுதி, மூன்றாவதில் அவற்றின் கூட்டுத்தொகையாகிய 12-ஐ எழுதி வைப்பதாகக் கொள்ளுங்கள். இரண்டாம் தட்டு பழுதானால் 12-லிருந்து 7-ஐக் கழித்து 5-ஐ மீட்டுவிடலாம் அன்றோ? உண்மையில் பெட்டி கூட்டிப் பார்ப்பதில்லை. ஒன்று என்னும் குறிகள் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று குறித்துக்கொள்கிறது. தத்துவம் ஒன்றே.

இனி, பெட்டி நிறைந்துவிட்டால் என்ன செய்வது? என் பெட்டியில் 2 டெராபைட் தட்டுகள் இரண்டு கண்ணாடி முறையில் இருந்தன. அதை விரிவாக்க, ஒரு தட்டை எடுத்துவிட்டு அவ்விடத்தில் 4 டெராபைட் தட்டைச் செருக வேண்டும். எஞ்சிய பழைய தட்டிலுள்ள அனைத்தையும் பெட்டி புதியதில் எழுதி முடிக்கும். பின்னர் மற்றொன்றையும் அவ்வாறே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் இடம் பெருகாது. பெரிய தட்டும் சிறிய தட்டும் சேர்ந்தால் சிறியதன் அளவே கணக்கு. இரண்டும் மாறிய பிறகு எல்லையை விரிக்கும்படி பெட்டிக்குக் கட்டளையிட்டால் புதிய இடம் கிடைக்கும்.

இதில் ஓர் அபாயம் மறைந்திருக்கிறது. நொடிக்கு 15 கோடி பைட் வீதம் படித்தாலும் 2 டெராபைட்டைப் படித்து முடிக்க ஏறக்குறைய மூன்றே முக்கால் மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் துணையில்லாத பழைய தட்டு ஒன்றே அனைத்தையும் தாங்கி நிற்கிறது. பல ஆண்டுகளாகத் தொடப்படாத மூலைகளெல்லாம் அப்போதுதான் படிக்கப்படுகின்றன. உறங்கிக் கிடந்த பழுதுகள் விழிப்பதும் அப்போதுதான்.

என் வீட்டில் நடந்ததும் அதுவே. பாதி வேலை நடக்கையில் பழைய தட்டில் படிக்க இயலாத இடங்கள் தென்பட்டன. சிறிது நேரத்தில் அது சுழல்வதையே நிறுத்திவிட்டது. பாதி எழுதப்பட்ட புதிய தட்டோ எதற்கும் உதவவில்லை. முதலில் எடுத்த தட்டு இருந்திருந்தால் எல்லாம் மீண்டிருக்கும். ஆனால் நான் அதை அன்று காலையிலேயே துடைத்தழித்து வேறொரு கணினியில் பொருத்திவிட்டேன்! என் அவசரத்தை இன்றும் நொந்துகொள்கிறேன்.

எனினும் நான் கலங்கவில்லை. மாதந்தோறும் தானே படியெடுக்கும் தனித் தட்டு ஒன்று மேசையறையில் இருந்தது. 'படியெடுப்பு முடிந்தது' என்ற செய்தியையும் மாதந்தோறும் கண்டிருந்தேன். அதனைக் கொண்டு மீட்டபோது படங்கள் வந்தன, கணக்குகள் வந்தன. என் அன்னையாரின் குரலில் பதிவுசெய்து வைத்திருந்த நடவுப் பாட்டும் தாலாட்டுமாகிய நாற்பது பாட்டுக்கள் மட்டும் வரவில்லை. படியெடுக்க வேண்டிய கோப்புறைகளின் பட்டியலை நான் எழுதியது முன்பு. பாட்டுக்களுக்குரிய கோப்புறையைத் தொடங்கியது பின்பு. இயந்திரம் பிழை செய்யவில்லை. நான் சொன்னதை மட்டும் செய்தது. அன்னையார் அப்போது உயிருடன் இல்லை. என் தமக்கையாருக்கு முன்னொருகால் அனுப்பியிருந்த பதினொரு பாட்டுக்கள் அவரிடமிருந்து திரும்பக் கிடைத்தன. மற்ற இருபத்தொன்பதும் போயின.

பெரிய நிறுவனங்களுக்கும் இத்தகைய இடர் நேர்ந்ததுண்டு. 1998-ஆம் ஆண்டில் பிக்சார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி' இரண்டாம் படம் உருவாகி வந்தபோது, தவறான ஓர் அழிப்புக் கட்டளையால் படத்தின் பெரும்பகுதி மறைந்தது. காப்புப் பிரதிகளை நாடியபோது அவை சரியாக இயங்கவில்லை என்பது தெரிந்தது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே பணியாற்றிய கேலின் சூஸ்மன் என்னும் தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கணினியில் இருந்த பிரதியே அப்படத்தைக் காப்பாற்றியது. 1999-இல் படம் வெளிவந்தது.

இவற்றால் நாம் அறிவது என்ன? கண்ணாடி முறை தட்டின் பழுதிலிருந்து காக்கும்; நம் பிழையிலிருந்து காக்காது. ஒரு கோப்பை நீங்கள் தவறி அழித்தால் இரண்டு தட்டுகளும் ஒருசேர அதை அழித்துவிடும். ஆகவே அரிய பொருளுக்கு மூன்று பிரதிகள் வேண்டும். அவை இரு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்றேனும் வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். சேமிப்பகத்தை விரிவாக்கும் முன் புதிதாகப் படியெடுங்கள். பழைய தட்டுகளைச் சோதியுங்கள். எடுத்த தட்டை வேலை முற்றும் முடிந்து சரிபார்க்கும் வரை அழிக்காமல் வையுங்கள்.

எல்லாவற்றிலும் முதன்மையானது, அவ்வப்போது காப்புப் பிரதியிலிருந்து சில கோப்புகளை மீட்டுத் திறந்து பார்ப்பது. முளைக்குமா என்று சிறிது விதையை ஈரத்துணியில் கட்டிப் பார்த்த பிறகே உழவர் விதைக்கிறார். மீட்டுப் பாராத பிரதியும் முளைப்புப் பாராத விதையும் ஒன்றே. இப்போது நான் திங்கள்தோறும் முதல் ஞாயிறன்று அந்தப் பதினொரு பாட்டுக்களில் ஒன்றைக் காப்புத் தட்டிலிருந்து மீட்டுக் கேட்கிறேன். சோதனையும் ஆகிறது, அன்னையாரின் குரலையும் கேட்கிறேன்.