உப்பா, சூடா, வறுமையா?

பிள்ளை பெற்ற சில வாரங்களில் கால்கள் வீங்கும். நாலடி நடந்தால் மூச்சு வாங்கும். இரவில் மல்லாந்து படுக்க முடியாமல் எழுந்து உட்காரவேண்டி வரும். இப்படி வந்த இளம் தாய்மார்களின் எண்ணிக்கை, 1970களில் வடநைஜீரியாவின் ஜாரியா நகர மருத்துவர்களைத் திகைக்க வைத்தது. அதுவரை நலமாக இருந்த பெண்களின் இதயம் விரிந்து, தளர்ந்து, ரத்தத்தைத் தள்ளத் திணறியது. பேறுகால இதயத்தசை நோய் என்று இதைச் சொல்கிறார்கள். பல நாடுகளில் ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக்கூட வராத இந்த நோய், வடநைஜீரியாவில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்றாக வருகிறது.

ஜாரியாவில் பணியாற்றிய மருத்துவர் எல்ட்ரிட் பாரியும் உடன் பணியாற்றியவர்களும் காரணத்தை அப்பகுதியின் ஹௌசா மக்களின் வீடுகளுக்குள் தேடினார்கள். அங்கே பிள்ளை பெற்றவளைச் சூட்டிலேயே வைத்திருப்பது வழக்கம். மண் கட்டிலுக்கு அடியில் நெருப்பு, நாள்தோறும் கொதிக்கக் கொதிக்கக் குளியல். பால் சுரக்க, ‘கன்வா’ என்னும் ஏரி உப்பைக் கரைத்த தானியக் கஞ்சி. சூட்டில் தோலின் ரத்தக் குழாய்கள் விரியும். இதயம் கூடுதலாக உழைக்க வேண்டும். உப்பிலுள்ள சோடியம் உடலில் நீரைத் தேக்கி ரத்தத்தின் அளவைக் கூட்டும். விளக்கம் கச்சிதமாகப் பொருந்தியது. பல காலம் அதுவே பாடமாகவும் நின்றது.

ஆனால் கானோ நகரின் இதய மருத்துவர் கமிலு கராயே தலைமையில் நைஜீரிய மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு 2020இல் வேறு கதை சொன்னது. நோயுற்ற தாய்மார்களை நலமான தாய்மார்களோடு ஒப்பிட்டபோது சூட்டுக் குளியலும் உப்புக் கஞ்சியும் நோய்க்குக் காரணமாகத் தேறவில்லை. பள்ளிக்கூடம் போகாதது, வேலை இல்லாதது, எடைக் குறைவு, கர்ப்பகால ரத்த அழுத்த நோய் ஆகியவைதான் நோயோடு சேர்ந்து நின்றன. கானோவின் நோயாளிகள் பலருக்கு ரத்தத்தில் செலினியம் என்னும் தாதுச்சத்து குறைந்திருந்ததும் முன்பே தெரிந்திருந்தது. சூடும் உப்பும் தளர்ந்த இதயத்துக்கு நல்லவை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பாட்டிமார் சொல்லித் தந்த வழக்கத்தின் மேல் பழி போட்டுவிட்டு, பசியைப் பார்க்காமல் இருந்துவிட்டோம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதயத்துக்குள் என்ன நடக்கிறது? பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் உடைந்து உண்டாகும் ஒரு துண்டு, இதயத்தின் நுண்குழாய்களைச் சிதைக்கிறது என்று ஜெர்மனியின் ஹனோவர் ஆய்வாளர்கள் 2007இல் காட்டினார்கள். புரோமோகிரிப்டின் மாத்திரை அந்த ஹார்மோனை அடக்கும். கூடவே தாய்ப்பாலையும் நிறுத்திவிடும். பால்மாவு வாங்கப் பணமும் அதைக் கரைக்க நல்ல தண்ணீரும் இல்லாத வீட்டில், தாயின் இதயமா குழந்தையின் வயிறா என்ற கேள்வியோடு மருத்துவர் நிற்கிறார்.

மற்ற மருந்துகள் புதியவை அல்ல: நீரை வெளியேற்றும் ஃபுரோசெமைடு, இதயத்தின் சுமையைக் குறைக்கும் மாத்திரைகள், பீட்டா தடுப்பான்கள். நேரத்தில் கிடைத்தால் பலரின் இதயம் சில மாதங்களில் தேறிவிடுகிறது. சிக்கல், நோயைக் கண்டுபிடிப்பதில்தான். கால் வீக்கமும் களைப்பும் எந்தக் கர்ப்பிணிக்கும் உள்ளவைதானே என்று வீட்டாரும் சில சமயம் மருத்துவரும் விட்டுவிடுகிறார்கள். இதயத்தை ஒலியலையால் படம்பிடிக்கும் எக்கோ எடுத்தால்தான் உண்மை தெரியும்.

இந்த நோய் எந்த நாட்டிலும் வரும். உங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவளுக்குப் படுத்தால் மூச்சு முட்டினால், பிரசவக் களைப்பு என்று விடாதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். ஒருமுறை வந்து தேறியவர், இதய மருத்துவரைக் கேட்காமல் அடுத்த பிள்ளைக்குத் தயாராகக் கூடாது.