எடை மேடையில் கற்ற பாடம்



மிக்ஸி ஓடவில்லை என்றால் நாம் என்ன செய்வோம்? பிளக்கை அசைத்துப் பார்ப்போம், கரண்ட் இருக்கிறதா என்று பார்ப்போம். அந்தச் சமையலறைப் புத்திதான் என் வேலையையும் காப்பாற்றியது. வாசகியருக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

அரியலூர் பக்கம் 1979-ல் அரசு சிமென்ட் ஆலை வந்தது. பிறகு தனியார் ஆலைகளும் வந்தன. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாமல் ஓடும் ஊர். அங்கே ஒரு எடை மேடையில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருக்கிறேன். மீன்சுருட்டியிலிருந்து ஜெயங்கொண்டம் போய் பஸ் மாறிப் போவேன்.

போன வருஷம் ஒரு காலை, கம்ப்யூட்டரில் எடை பூஜ்யம் என்றே நின்றது. "பொட்டியில தெரியற எடையைப் பார்த்து கையால தட்டி விடும்மா" என்றார் சூப்பர்வைசர். தட்டினேன். அவசரத்தில் 21,460 கிலோவை 24,160 என்று தட்டி விட்டேன். 2,700 கிலோ வித்தியாசம்! கணக்கைத் திருத்திய பிறகும் என் சம்பளத்தில் 500 ரூபாய் பிடித்தார்கள். மாலையில் வந்த மெக்கானிக் ஐந்தே நிமிஷத்தில் சரி செய்தார். என்ன கோளாறு என்று கேட்டேன். "அதெல்லாம் உங்களுக்குப் புரியாதும்மா" என்று போய் விட்டார்.

இரண்டே மாதத்தில் மறுபடியும் அதே பூஜ்யம். வெளியே லாரிகள் வரிசை கட்டி ஹாரன் அடிக்கின்றன. "கையால தட்டு" என்றார் சூப்பர்வைசர். "சார், பத்து நிமிஷம் குடுங்க. இன்னொரு தடவை தப்பானா நான் தாங்க மாட்டேன்" என்றேன்.

நிதானமாக யோசித்தேன். எடைப் பெட்டியில் எண் சரியாகத் தெரிகிறது. அப்படியானால் மேடையில் பழுது இல்லை. மற்ற வேலைகளுக்குக் கம்ப்யூட்டரும் ஓடுகிறது. ஆக, கோளாறு இடையில்தான். பெட்டியிலிருந்து வரும் ஒயர் பழைய காலத்து சீரியல் ஒயர். புதுக் கம்ப்யூட்டர்களில் அதற்கு இடம் கிடையாது என்பதால், யு.எஸ்.பி. கன்வெர்ட்டர் ஒன்றை மாட்டி இணைத்திருந்தார்கள்.

டிவைஸ் மேனேஜரைத் திறந்து 'போர்ட்ஸ்' பகுதியைப் பார்த்தேன். எங்கள் எடை சாஃப்ட்வேர் தேடுவது 'காம் 3'. அங்கே இருந்ததோ 'காம் 5'. இரவுக் காவலர் தாத்தா செல்போன் சார்ஜ் போடுவதற்காகக் கன்வெர்ட்டரைப் பிடுங்கி, காலையில் பக்கத்துத் துளையில் செருகி விட்டாராம்! மிக்ஸி எந்தப் பிளக்கிலும் ஓடும். விண்டோஸ் அப்படியில்லை. சில கன்வெர்ட்டர்களைத் துளை மாற்றிச் செருகினால் வேறு நம்பர் கொடுத்து விடும். பழைய துளையிலேயே செருகி, சாஃப்ட்வேரை மூடித் திறந்தேன். எடை வந்து விட்டது! வெறும் எடை தெரிந்த லாரி ஒன்றை ஏற்றிச் சரிபார்த்த பிறகே மற்ற லாரிகளை விட்டேன்.

தாத்தாவைத் திட்ட மனசு வரவில்லை. சார்ஜருக்குத் தனி பிளக் போடச் சொன்னேன். அந்தத் துளை மேல் 'கழற்றாதீர்கள்' என்று சீட்டு ஒட்டினேன்.

அதன் பிறகு சில வழக்கங்களை வைத்திருக்கிறேன். எடை விவரங்கள் இருக்கும் ஆக்சஸ் ஃபைல் 2 ஜி.பி.க்கு மேல் வளராது; கரண்ட் போய் சட்டென்று அணைந்தால் கெட்டும் போகலாம். அதனால் தினமும் சாஃப்ட்வேரை மூடிய பிறகு பென்டிரைவில் ஒரு காப்பி எடுக்கிறேன். எங்கள் கம்ப்யூட்டர் பழைய விண்டோஸ் 7. அதற்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்று விட்டன. ஆகவே இன்டர்நெட்டில் இணைப்பதில்லை. எடைப் பெட்டியின் அரசு முத்திரையை மட்டும் தொடவே மாட்டேன். அது அதிகாரிகள் சோதித்து வைப்பது.

இப்போதெல்லாம் எது நின்றாலும் சூப்பர்வைசர் முதலில் என்னைத்தான் கூப்பிடுகிறார். பிடித்த 500 ரூபாய் மட்டும் திரும்ப வரவில்லை!

சகோதரிகளே, "உங்களுக்குப் புரியாது" என்று யாராவது சொன்னால் நம்பி விடாதீர்கள். எதுவரை சரியாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள். கோளாறு தானாகப் பிடிபடும்.

- ஒரு வாசகி, மீன்சுருட்டி.