பின்னமாக வரும் சுட்டி: வீட்டில் தமிழிலேயே விளக்கலாம்



பலெர்மோவில் லிச்சேயோ சியெந்திபிக்கோவில் படிக்கும் எமது பிள்ளைகளுக்கு, முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் "ராதிக்காலி" என்ற பகுதி வருகிறது. ஊரில் நாம் வர்க்கமூலம், கனமூலம், சேடுகள் என்று படித்ததுதான் அது. அதையொட்டிச் சுட்டி பின்னமாக உள்ள வலுக்களும் வரும். பல பிள்ளைகள் தடுமாறும் இடம் இது. வருட முடிவில் கணிதத்துக்கு 6 புள்ளி கிடைக்காவிட்டால் முடிவு நிறுத்திவைக்கப்படலாம், "தேபித்தோ" என்பார்கள். அடுத்த பள்ளியாண்டு தொடங்குமுன் மீண்டும் சோதனை எழுத வேண்டும். அதிலும் தவறினால் ஒரு வருடமே போய்விடலாம்.

"இத்தாலிய மொழியில் படிப்பதை நாங்கள் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். சாதாரண தரம் வரை படித்தவர்களுக்கு இது தெரிந்த விடயமே. பெயர்கள்தான் வேறு. "பாசே" என்பது அடி, "எஸ்பொனெந்தே" சுட்டி, "பொதென்சா" வலு, "ராதீச்சே" மூலம்.

அடி ஒன்றாக இருந்தால், வலுக்களைப் பெருக்கும்போது சுட்டிகளைக் கூட்டுகிறோம். இந்த ஒரு விதி போதும். 9இன் ½ ஆம் வலுவை அதே வலுவால் பெருக்குங்கள். ½ + ½ = 1. ஆகவே விடை 9. தன்னைத்தானே பெருக்கி 9 தரும் நேர் எண் 3. எனவே 9இன் ½ ஆம் வலு என்பது √9 தான். பழைய விதி பின்னங்களுக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காகவே அப்படி வரையறுத்தார்கள்.

8இன் ⅔ ஆம் வலுவில், பகுதியான 3 மூலத்தையும் தொகுதியான 2 வலுவையும் குறிக்கும். 8இன் கனமூலம் 2. அதன் வர்க்கம் 4.

வழமையான பிழைகள் இரண்டு. முதலாவது, கூட்டலைப் பிரிப்பது. √9 + √16 = 7; ஆனால் 9 + 16 = 25, √25 = 5. இரண்டாவது, மறை எண்ணை அடியாக எடுப்பது. −8இன் கனமூலம் −2. ஆனால் ⅓ஐ 2/6 என்றும் எழுதலாம். அப்போது −8இன் வர்க்கம் 64, அதன் ஆறாம் மூலம் +2. ஒரே பின்னத்துக்கு இரண்டு விடைகள்! அதனால்தான் பின்னச் சுட்டி வரும்போது மறை எண்ணை அடியாகக் கொள்வதில்லை என்று பாடநூல்கள் சொல்கின்றன.

காரணம் தெரிந்த பிள்ளைக்கு மனப்பாடம் தேவையில்லை. 2010இல் வந்த தேசிய வழிகாட்டலும் ராதிக்காலியில் மிகையான கணக்கு நுணுக்கங்கள் வேண்டாம் என்றே சொல்கிறது.

கணக்காளன் என்ற முறையில் இன்னொன்று. ஆண்டுக்கு 6 வீதம் கூட்டுவட்டி என்றால், மாத வட்டி 0.5 வீதம் அல்ல. 1.06இன் 1/12 ஆம் வலு ஏறத்தாழ 1.00487, அதாவது 0.487 வீதம். மாறாக, மாதம் 1 வீதம் என்று சொல்லப்படும் கடன், கூட்டுவட்டியில் ஆண்டுக்கு 12 அல்ல, 12.68 வீதம். கடன் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் உங்கள் பிள்ளையே இதைக் கணித்துச் சொல்லலாம்.

இன்றிரவு பிள்ளையிடம் 16இன் ¾ ஆம் வலு என்னவென்று கேளுங்கள். 8 என்ற விடை மட்டும் போதாது. ஏன் என்பதை உங்களுக்கு விளங்கும்படி சொல்லட்டும்.