ஊசி போட்டுக்கொண்ட டாக்டர்களுக்கு என்ன ஆனது?

மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் பேசினால் இரண்டு புகார்கள் திரும்பத் திரும்ப வரும்: ‘ஒரு இடத்துல உட்கார முடியல’, ‘எதையும் செய்யத் தோணல’. முதலாவதைக் கேட்டால் நோய் முற்றிவிட்டது என்பார்கள் வீட்டில். இரண்டாவதற்குச் சோம்பல் என்று பெயர். மருந்தைச் சந்தேகிக்கிறவர்கள் குறைவு.

நோயே இல்லாதவருக்கு அதே மருந்தைக் கொடுத்தால்? 1951-இல் பிரான்சில் கார்னீலியா குவார்ட்டி என்ற மனநல மருத்துவர், பின்னாளில் மனச்சிதைவுக்குத் தரப்பட்ட குளோர்புரோமசின் மருந்தைத் தன் மேலேயே சோதித்துக்கொண்டார். கழிவறைக்குப் போக எழுந்தவர் மயங்கி விழுந்தார். 1977-இல் பெல்மேக்கர், வால்ட் என்ற இஸ்ரேல் மருத்துவர்கள் வெளியிட்ட குறிப்பு இன்னும் துல்லியமானது. அவர்கள் இருவருக்கும் ரத்தக்குழாய் வழியாக 5 மில்லிகிராம் ஹாலோபெரிடால் என்ற அதே வகை மருந்து ஏற்றப்பட்டது. பத்தே நிமிடத்தில் யோசனையும் உடலசைவும் மந்தமாயின. உள்ளே தாங்க முடியாத தவிப்பு. தூக்கக் கலக்கமும் இல்லை, பதற்றம்தான். 36 மணி நேரத்துக்கு மேல் இருவராலும் வேலை பார்க்க முடியவில்லை. தாமாக எதையும் படிக்கவோ, போன் பேசவோ ஓடவில்லை; யாராவது செய்யச் சொன்னால் மட்டும் செய்தார்கள். ‘சொன்னாத்தான் செய்வான்’ என்று அலுத்துக்கொள்ளும் அம்மாக்கள் இந்த வரியைப் படிக்க வேண்டும்.

காரணம் டோபமைன். பிரமைகளுக்குத் தீனி போடும் இந்த ரசாயனம்தான் உடலை அசைப்பதற்கும், ஒன்றைச் செய்யலாம் என்ற உந்துதலுக்கும் வேண்டியிருக்கிறது. மருந்து அதன் ஏற்பிகளை அடைக்கும்போது மூன்றும் அடங்குகின்றன. அதே மருந்து கிளப்பிவிடும், கால் நிற்காத தவிப்புக்கு மருத்துவர்கள் வைத்த பெயர் அகதீசியா.

இரண்டே பேர், ஒரே ஊசி. இதை வைத்து மருந்தே வேண்டாம் என்று சொல்வது அபத்தம். மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆய்வு அமைப்பு பின்னர் திருப்போரூர் கிராமங்களில் இறங்கி வேலை செய்தது, சிகிச்சையே கிடைக்காமல் கிடந்தவர்களைத் தேடித்தான். பலருக்குப் பிரமையை அடக்கி வாழ்க்கையை மீட்டுத் தருவது இதே மருந்துகள்தான். திடீரென நிறுத்தினால் நோய் திரும்பும் அபாயம் உண்டு.

ஆனால் தவிப்பைச் சொன்னால் வழி இருக்கிறது. அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், புரோப்ரனலால் போன்ற இன்னொரு மருந்தைச் சேர்க்கலாம். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, தவிப்பு எந்த மாத்திரை தொடங்கிய பிறகு, எந்த அளவு கூட்டிய பிறகு வந்தது என்பதைத் தேதியோடு ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.