உறக்கத்துக்கும் ஒரு விதி வேண்டும்

பூச்சோங் கடைகளில் இருக்கும் பொருள்களில் பல கிள்ளான் துறைமுகம் வழியாக வந்தவை. அந்தக் கப்பல்களுக்குக் கரைவரை வழிகாட்டுபவர் துறைமுக பைலட். படகில் சென்று, கயிற்றேணியில் ஏறி, நீரோட்டமும் ஆழமும் பார்த்துக் கப்பல் தலைவருக்கு வழிசொல்வார். கப்பல் நள்ளிரவில் வந்தாலும் அவர் போக வேண்டும்.

அவர் களைத்திருந்தால் என்ன ஆகும்? 2010 ஜனவரி 23-ஆம் தேதி அமெரிக்காவின் போர்ட் ஆர்தரில், மலேசியாவின் எம்.ஐ.எஸ்.சி. குழுமத்தைச் சேர்ந்த 'ஈகிள் ஒட்டோமே' எண்ணெய்க் கப்பல் விபத்துக்குள்ளானது. சுமார் 4 லட்சத்து 62 ஆயிரம் கேலன் கச்சா எண்ணெய் கொட்டியது. பைலட்டின் களைப்பும் ஒரு காரணம் என்றது விசாரணை. உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய்க்கு அவர் சிகிச்சை பெற்றிருக்கவில்லை. பணி அட்டவணையும் போதிய உறக்கத்துக்கு இடம் தரவில்லை.

கப்பல் ஊழியருக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு என்கிறது அனைத்துலக விதி. பைலட்டோ கப்பல் ஊழியர் அல்லர். கண், காது, உடல்தகுதியோடு போதிய ஓய்வும் அவருக்கு வேண்டும் என்று அனைத்துலகக் கடல்சார் அமைப்பு 2003-இல் பரிந்துரைத்தது. எத்தனை மணி நேரம் என்று வரையறுக்கவில்லை. அது அந்தந்த நாட்டின் பொறுப்பு.

கயிற்றேணியில் 9 மீட்டருக்கு மேல் ஏறவிடக் கூடாது என்று விதி இருக்கிறது. ஏணிக்கு அளவு வகுத்தவர்கள், ஏறுபவரின் உறக்கத்துக்கும் அளவு வகுக்க வேண்டாமா?